எலிக்கு விஷமா, பொறியா, பூனையா, கூகைக் கூடா?

ஆடிக் கூழுக்காக வாங்கி வைத்திருந்த மீலி (மக்காச்சோள) மாவு மூட்டையைத் தூக்கினேன். அடியிலிருந்து மாவு கோடு போட்டுக்கொண்டே வந்தது. மூட்டை மூலையில் கட்டைவிரல் நுழையும் ஓட்டை. சுவரோரம் நெல்லைவிடத் தடித்த கறுப்புப் புழுக்கைகள், மூக்கை அறுக்கும் மூத்திர வாடை. தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியில், டர்பனுக்கு அருகே இருக்கும் வெருலத்தில் எங்கள் கோயில் சாமான் அறையில்தான் இது. பத்து நிமிடத்தில் நாலு யோசனை வந்துவிட்டது. பொருளாளர் அண்ணன், "விஷம் வச்சு முடிச்சிடுவோம்" என்றார். சமையல் பார்க்கும் பெரியம்மா பூனை வளர்க்கச் சொன்னார். அவர் மகன் பொறி போதும் என்றான். கோயிலுக்குப் பின்னால் காய்கறியும் கோழியும் வைத்திருக்கும் மாமாவோ, கரும்புக்காட்டு ஓரத்தில் யாரோ கூகை என்ற ஆந்தைக்குப் பெட்டி மாட்டியிருப்பதைப் பார்த்திருக்கிறார், "நாமளும் மாட்டினா என்னம்மா?" என்று கேட்டார்.

டொங்காட், ஸ்டாங்கர், பீனிக்ஸ், சாட்ஸ்வர்த் என்று எங்கே போனாலும் இதே நாலு பதிலும் இதே குழப்பமும்தான். நான் படித்தது உயிர்ச்சூழலியல். வேட்டை விலங்குக்கும் இரைக்கும் நடக்கும் இழுபறி, ஒரே தீனிக்காக இரண்டு இனங்கள் முட்டிக்கொள்வது, இவைதான் என் பாடம். அந்தப் பாடத்தை எலிப் பிரச்சினைக்குப் போட்டுப் பார்த்தால், எது மலிவு எது வேகம் என்று முதலில் தோன்றுவது பெரும்பாலும் தலைகீழாகிவிடுகிறது.

## எதை வைத்து எடைபோடுவது

எல்லாரும் முதலில் கேட்பது, "எத்தனை எலி சாகும்?" என்றுதான். அதை வைத்து முடிவெடுத்தால் ஏமாந்துதான் போவோம். பெண் எலி மூன்று வாரம் சுமந்து ஆறு முதல் ஒன்பது குட்டி போடும். ஈன்ற ஓரிரு நாளிலேயே மறுபடி சினையாகும். குட்டிகள் இரண்டு மூன்று மாதத்தில் தாமும் ஈனத் தொடங்கும். நூறு எலி பிழைக்கும் அளவுக்குத் தீனி உள்ள இடத்தில் ஐம்பதைக் கொன்றால், மிச்ச ஐம்பதுக்கும் ஆளுக்கு இரட்டைப் பங்கு கிடைக்கிறது. குட்டிகள் அதிகம் பிழைக்கும், பக்கத்து வீட்டு எலியும் குடியேறும். சில மாதத்தில் பழையபடி நூறு.

ஆகவே ஒவ்வொரு வழியிடமும் நான் ஐந்து கேள்வி கேட்கிறேன். எவ்வளவு சீக்கிரம் பலிக்கும்? ஆறு மாதம் கழித்தும் நிற்குமா? எலியோடு சேர்ந்து வேறு யார் சாவார்கள்? நம் எலி இருக்கும் இடத்துக்கு, அதாவது கூரையா, சாமான் அறையா, திறந்த வெளியா என்பதற்கு, அது பொருந்துமா? பக்கத்து வீட்டார் ஒத்துழைக்காவிட்டால் கெட்டுவிடுமா?

இதில் மூன்றாவது கேள்விக்குத்தான் நான் அதிக எடை கொடுப்பேன். காரணம் 1926-ஆம் ஆண்டுக் கணக்கு ஒன்று. முதல் உலகப் போர்க் காலத்தில் ஆட்ரியாட்டிக் கடலில் மீன்பிடிப்பு குறைந்திருந்தது. அந்த ஆண்டுகளில் சந்தைக்கு வந்த மீன்களில், மற்ற மீனைத் தின்னும் சுறா வகைகளின் பங்கு கூடியிருந்ததை உம்பெர்ட்டோ டான்கோனா என்ற விலங்கியலாளர் கவனித்தார். அதற்குக் காரணம் தேடிய இத்தாலியக் கணித அறிஞர் வீட்டோ வோல்ட்டெரா, இரையும் வேட்டை விலங்கும் ஒன்றையொன்று ஏற்றி இறக்கும் கணக்கை எழுதினார். அமெரிக்காவில் ஆல்பிரட் லோட்காவும் தனியாக அதே சமன்பாடுகளுக்கு வந்து சேர்ந்திருந்தார். அந்தக் கணக்கு சொல்வது இது: இரையையும் அதைத் தின்பதையும் பேதம் பார்க்காமல் சேர்த்துக் கொன்றால், கடைசியில் தின்பது குறையும், இரை கூடும். எலி மாதத்தில் பெருகிவிடும்; கூகை ஆண்டுக்கு ஒன்றிரண்டு ஈடுதான் குஞ்சு பொரிக்கும். இரண்டையும் ஒருசேரக் கொல்லும் எதுவும் எலியின் பக்கம்தான் வேலை செய்கிறது.

## எல்லாவற்றுக்கும் முன்: தீனியை மூடுவது

யாரும் கேட்காத வழி இது. மற்ற நாலும் இதன் மேல்தான் நிற்கும் என்பதால் முதலில் வைக்கிறேன்.

நம் நாட்டின் குரூகர் வனவிலங்குப் பூங்காவில் நடந்ததைச் சொன்னால் புரியும். அங்கே ரோன் என்ற பெரிய மான் வகை வடக்குச் சமவெளிகளில் வாழ்ந்தது. தண்ணீர் இல்லாத இடங்களில் நல்லெண்ணத்தோடு செயற்கைத் தண்ணீர்த் தொட்டிகள் வைத்தார்கள். வறட்சி வந்தபோது தண்ணீரைத் தேடி வரிக்குதிரைகள் அங்கே குவிந்தன. வரிக்குதிரையின் பின்னால் சிங்கம் வந்தது. 1986-இல் சுமார் 450 இருந்த ரோன் மான்கள் 1993-இல் 45 போல ஆகிவிட்டன. வரிக்குதிரை மானோடு சண்டை போடவில்லை. இரண்டுக்கும் பொதுவான வேட்டை விலங்கைக் கூட்டி வந்தது, அவ்வளவுதான்.

கோழிக்கூண்டிலும் இதே கதைதான். இரவில் தட்டில் மிஞ்சும் கோழித்தீனி எலியைக் கூட்டி வரும். எலியைத் தேடிப் பாம்பு வரும். வந்த பாம்பு எலியோடு நிற்காது, குஞ்சையும் முட்டையையும் சேர்த்து எடுக்கும். நேட்டால் கரையோரத்தில் அப்படி வருவது வீட்டுப் பாம்பாகவும் இருக்கலாம், நாம் ம்ஃபெசி என்று சொல்லும் விஷம் துப்பும் நாகமாகவும் இருக்கலாம். கோழி போனதும் பாம்பைத் திட்டுகிறோம். கூட்டி வந்தது தட்டில் விட்ட தீனி.

செய்ய வேண்டியது சாதாரண வேலை. அரிசி, மாவு, பருப்பு, கோழித்தீனி எல்லாம் மூடி இறுகிய தகர டிரம்முக்குப் போக வேண்டும். பிளாஸ்டிக் வாளியை எலி ஒரே இரவில் கடித்துவிடும். மூட்டை வைத்தே ஆகவேண்டுமென்றால் தரையிலிருந்து தூக்கி, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி. கோழித் தட்டைப் பொழுது சாயும் முன் உள்ளே எடுத்துவிடுங்கள். சுண்டெலிக்கு ஒரு பென்சில் நுழையும் சந்து போதும். பெரிய எலியின் குட்டிக்கு விரல் நுழையும் சந்து. இரும்புக் கம்பிப் பஞ்சைத் திணித்து மேலே சிமென்ட் பூசுங்கள்.

இதிலும் கண்ணுக்குத் தெரியாத செலவு உண்டு. ஒரு நாளில் முடிகிற வேலை இல்லை, ஒவ்வொரு மாலையும் ஒருவர் பார்த்தாக வேண்டும். கோயில் மாதிரி பொது இடத்தில் அது யார் பொறுப்பு என்று பெயர் சொல்லி வைக்காவிட்டால் இரண்டு வாரத்தில் பழைய நிலைதான். இன்னொன்று: பசித்த எலி சும்மா சாகாது, பக்கத்து வீட்டுக்குப் போகும். மூடுகிற வாரத்திலேயே பொறியும் வைக்கச் சொல்வது அதனால்தான்.

## விஷம்

வேகமானது என்று நினைத்துத்தான் வாங்குகிறோம். கடையில் முறையாகக் கிடைக்கும் எலி விஷங்களில் பெரும்பாலானவை இரத்தம் உறையாமல் செய்பவை. உடலில் வைட்டமின் கே மறுபடி பயன்படுவதைத் தடுத்துவிடும். எலி சாக மூன்று நாள் முதல் ஒரு வாரத்துக்கு மேலும் ஆகும். வேகம் என்று பார்த்தாலும் பொறிதான் முந்தும்.

அந்த இடைப்பட்ட நாட்களில்தான் ஆபத்து. விஷம் தின்ற எலி உடனே சாகாததால் மறுபடி மறுபடி வந்து தின்னும். உடம்பில் சாவதற்குத் தேவையானதைவிடப் பல மடங்கு விஷம் சேரும். பிறகு தள்ளாடும், பகலிலும் வெளியே அலையும். கூகைக்கும் நாய்க்கும் பூனைக்கும் அதைவிட எளிய இரை ஏது? பிரோடிஃபாக்கம் போன்ற இரண்டாம் தலைமுறை விஷங்கள், அதாவது பின்னால் வந்த வீரியம் கூடியவை, தின்றவற்றின் ஈரலில் மாதக்கணக்கில் தங்கும். கேப் டவுனைச் சுற்றி வாழும் காரகல் காட்டுப்பூனைகளைப் பரிசோதித்து 2019-இல் வெளியான ஆய்வில், பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவற்றின் உடலில் எலி விஷம் இருந்தது. யாரும் காரகலுக்கு விஷம் வைக்கவில்லை.

எங்கள் வீட்டு மாமரத்தடியில் ஒரு காலையில் கூகை ஒன்று கிடந்தது. இறக்கைகள் விரிந்து, முகம் மண்ணில். காயம் எதுவும் இல்லை. கையுறை போட்டுத் திருப்பினேன். அலகோரம் உலர்ந்த இரத்தம், சிவந்திருக்க வேண்டிய உள்வாய் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. கையில் எடுத்தால் ஒரு கனமும் இல்லை. அந்தத் தெருவில் ஒரு வீட்டுக்கு வந்த பூச்சிமருந்துக்காரர்கள் நீலக் கட்டிகளைத் திறந்த தட்டில் பின்சுவரோரம் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள் என்று பிறகு தெரிந்தது. அந்தக் கூகையின் பெட்டியில் குஞ்சுகள் இருந்தன. அதற்கடுத்த கோடையில் எங்கள் தெருவில் எலிக்குக் குறைவே இல்லை.

சாலையோரத்திலும் டாக்சி நிலையங்களிலும் பொட்டலமாக விற்கும் கறுப்புக் குருணை வேறு ரகம். ஹலெப்பிரிமி, டூ ஸ்டெப் என்றெல்லாம் பெயர். அது எலி மருந்தே இல்லை. வயலுக்கு என்று செய்த கொடிய பூச்சிக்கொல்லிகள் திருட்டுத்தனமாக வீட்டுக்கு வருகின்றன. 2024 அக்டோபரில் சோவெட்டோவின் நலேடியில் ஆறு குழந்தைகள் செத்துப்போனார்கள். காரணம் டெர்புஃபோஸ் என்ற வயல் பூச்சிக்கொல்லி என்று உறுதியானது. குழந்தை நடமாடும் வீட்டுக்குள் அந்தப் பொட்டலம் வரவே கூடாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

அப்படியானால் விஷம் எப்போது சரி? பூட்டிய கிடங்கில், எலி அளவு மீறி, நோய் பயம் வந்துவிட்ட நேரத்தில். அதுவும் பதிவு பெற்ற ஆளை வைத்து, பூட்டிய இரும்பு அல்லது கனமான பெட்டிக்குள், குறித்த நாட்களுக்கு மட்டும். லேபிளில் 1947-ஆம் ஆண்டின் 36-ஆம் சட்டப்படியான, எல் என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண் இல்லாவிட்டால் வாங்காதீர்கள். செத்த எலியைத் தினமும் தேடி எடுத்துப் புதைக்க வேண்டும்; யாருமே கூலியில் சேர்க்காத வேலை இது. கூரைக்குள் செத்தால் இரண்டு வாரம் நாற்றம். நாய் தின்றுவிட்டால் அறிகுறி தெரியவே சில நாள் ஆகும், அதுவரை காத்திருக்காமல் விஷத்தின் டப்பாவோடு கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள். வைட்டமின் கே ஊசியும் வாரக்கணக்கில் மாத்திரையும் தேவைப்படும். அந்தப் பில்லைப் பார்த்த பிறகு விஷம் மலிவு என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

## பொறி

அடித்துக் கொல்லும் பழைய மரப் பொறியைத்தான் சொல்கிறேன். ஒரு தடவை வாங்கினால் ஆண்டுக்கணக்கில் வரும், கொன்றது எதை என்று கண்ணெதிரே தெரியும், செத்த எலியைத் தின்னும் வேறு உயிருக்குக் கேடில்லை. சாமான் அறைக்கும் கூரைக்கும் இதற்கு மேல் எதுவும் இல்லை.

பொறி வைத்தும் விழவில்லை என்பவர்கள் பெரும்பாலும் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள்: ஒரு பொறியை வாங்கி, அன்றிரவே நாண் ஏற்றி, அறை நடுவில் வைக்கிறார்கள். எலி புதுப்பொருளைக் கண்டால் ஒதுங்கும். மூன்று நான்கு நாள் பொறியை ஏற்றாமல் கருவாட்டுத் துண்டோ வேர்க்கடலை வெண்ணெயோ தடவி வெறுமனே வைத்துப் பழக்குங்கள். எலி மீசையால் சுவரைத் தடவிக்கொண்டே ஓடும், அதனால் பொறியைச் சுவருக்குக் குறுக்காக, இரை வைக்கும் முனை சுவரைத் தொடும்படி வையுங்கள். புழுக்கையும் கரேலென்ற எண்ணெய்த் தடமும் இருக்கும் இடம்தான் அதன் பாதை. பிறகு ஒரே இரவில் எல்லாவற்றையும் ஏற்றுங்கள். ஒரு பொறியை ஒரு மாதம் வைப்பதைவிடப் பத்துப் பொறியை மூன்று இரவு வைப்பது மேல். மெதுவாகக் கொன்றால் அவை ஈடுகட்டிவிடும்.

இனங்களுக்கு இடையிலான போட்டி இங்கேதான் நம்மை ஏமாற்றும். இந்தப் பக்கம் வீட்டில் இரண்டு எலி உண்டு. பருத்த பழுப்பு எலி தரையிலும் சாக்கடையிலும் வாழும். ஒல்லியான, நீண்ட வாலுள்ள கறுப்பு எலி ஏறுவதில் கெட்டி. இரண்டும் சேர்ந்து இருக்கும் இடத்தில் பழுப்பு எலி தரையைப் பிடித்துக்கொண்டு மற்றதைக் கூரைக்குத் துரத்திவிடும். தரையில் மட்டும் பொறி வைத்துப் பழுப்பு எலியை ஒழித்தால், கூரையில் இருப்பதற்குக் கீழே வழி திறக்கிறது. ஆகவே மேலேயும் கீழேயும் ஒரே வாரத்தில் வையுங்கள்.

தோட்டத்தில் பொறி வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வெளியே அகப்படுவது எல்லாம் வீட்டு எலி இல்லை. புல்வெளியிலும் கரும்பிலும் வாழும் இந்த மண்ணின் கொறிவிலங்குகள் பல உண்டு. அவற்றில் ஒன்றின் அறிவியல் பெயரிலேயே நேட்டால் இருக்கிறது. அவற்றை ஒழிப்பதால் உங்கள் மாவு மூட்டைக்குப் பெரும்பாலும் பலன் இல்லை. பறவை மாட்டாதபடி பொறியை ஒரு குழாய்க்குள் அல்லது கவிழ்த்த பெட்டிக்குள் வையுங்கள். பசை அட்டை வேண்டவே வேண்டாம். பல்லியும் குருவியும் வீட்டுப் பாம்பும் ஒட்டிக்கொண்டு மணிக்கணக்கில் துடிக்கும். எலியையும் அப்படிக் கொல்ல நமக்கு உரிமை இல்லை.

மறைந்த செலவு உங்கள் நேரம்தான். தினமும் காலையில் பார்க்க வேண்டும், கையுறை போட்டு எடுக்க வேண்டும். எலி மூத்திரத்தால் பரவும் காய்ச்சல் விளையாட்டில்லை.

## பூனை

பெரியம்மாவுக்குப் பூனை மேல் உள்ள நம்பிக்கை எங்கள் ஆயாவுக்கும் இருந்தது. பூனை சுண்டெலி பிடிக்கும், உண்மை. வளர்ந்த பழுப்பு எலியோடு மோத அதற்கு மனம் வருவதில்லை. நியூயார்க்கின் புரூக்லினில் எலி நிறைந்த ஒரு குப்பைக் கிடங்கில் தெருப்பூனைகளைக் கேமரா வைத்து 79 நாள் பார்த்தார்கள், முடிவு 2018-இல் வெளியானது. பூனைகள் கொன்றது இரண்டே எலி. எலிகள் பூனை வந்தால் ஒளிந்துகொண்டன, போனதும் வந்தன. கண்ணில் படவில்லை என்பதால் குறைந்துவிட்டது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம்.

ஆனால் பயத்துக்கும் விலை உண்டு. நம் எல்லைக்கு அப்பால் எசுவாத்தினியில், கிராமத்து வீடுகளில் செய்து 2017-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. தட்டில் மணலோடு தீனியைக் கலந்து இரவில் வைப்பார்கள். எலி தோண்டத் தோண்டத் தீனி கிடைப்பது கடினமாகும். பயந்த எலி சீக்கிரம் விட்டுவிட்டுப் போகும். காலையில் தட்டில் மிஞ்சியதை எடைபோட்டால் அது எவ்வளவு பயந்தது என்று தெரியும். பூனை மட்டும் இருந்த வீட்டில் மாற்றமில்லை. நாய் மட்டும் இருந்த வீட்டிலும் இல்லை. பூனையும் நாயும் சேர்ந்திருந்த வீடுகளில்தான் எலி நடமாட்டமும் தின்றதும் தெளிவாகக் குறைந்தது. உங்கள் வீட்டில் ஏற்கெனவே இரண்டும் இருந்தால் அதிர்ஷ்டம். எலிக்கென்று புதிதாகப் பூனை வாங்க இது காரணமாகாது.

செலவு வேறு பக்கம் இருக்கிறது. கேப் டவுனில் பூனைகளின் கழுத்தில் கேமரா கட்டிப் பார்த்து 2020-இல் வெளியிட்டார்கள். பூனை வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டியது, அது கொன்றதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. கொன்றதில் பல்லி, ஓணான் வகைகள்தான் ஏராளம்.

இன்னும் பெரிய பாடம் மேரியன் தீவில். கேப் டவுனிலிருந்து தென்கிழக்கே சுமார் 2,000 கிலோமீட்டரில் நம் நாட்டுக்குச் சொந்தமான தீவு. வானிலை நிலையத்தில் சுண்டெலித் தொல்லை என்று 1949-இல் ஐந்து பூனைகளைக் கொண்டுபோனார்கள். 1977-இல் அவை சுமார் 3,400 ஆகியிருந்தன. சுண்டெலியைவிட, வளையில் கூடு கட்டும் கடற்பறவை பிடிக்க எளிது. ஆண்டுக்கு நாலு லட்சத்துக்கு மேல் பறவைகள் செத்தன. நோய்க்கிருமி பரப்பி, இரவிரவாகச் சுட்டு, 1991-இல்தான் பூனைகளை ஒழித்தார்கள். சுண்டெலி இன்னும் அங்கேதான் இருக்கிறது. இப்போது அல்பட்ராஸ் குஞ்சுகளை உயிரோடு கடித்துத் தின்கிறது. வேட்டை விலங்கு நாம் கைகாட்டியதை வேட்டையாடாது, தனக்கு எது எளிதோ அதைத்தான் வேட்டையாடும். அந்தத் தீவில் கடைசி வழியாக ஹெலிகாப்டரில் விஷம் தூவத் திட்டமிடுகிறார்கள். சுற்றிலும் கடல் இருப்பதால் ஒன்றுகூட மிஞ்சாமல் முடிக்க வாய்ப்பு உள்ள இடம் அது. வெருலத்தில் அந்த வாய்ப்பு நமக்கு இல்லை.

## கூகைக் கூடு

என் மனம் சாய்வது இந்தப் பக்கம். அதனாலேயே இதன் குறைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். கூகை உங்கள் கூரைக்குள் வராது, சாமான் அறைக்குள்ளும் வராது. பெட்டி மாட்டிய மறுவாரம் வந்து உட்காராது. சில மாதம் ஆகலாம், ஒன்றிரண்டு ஆண்டும் ஆகலாம். தேனீ முதலில் குடியேறலாம், எகிப்திய வாத்து பிடித்துக்கொள்ளலாம், மைனா குப்பையை அடைத்து வைக்கலாம். பொந்துக்கும் போட்டி உண்டு. பகலில் காக்கை கண்டால் விரட்டி விரட்டிக் கொத்தும். டர்பனில் 1970-களில் வந்து இறங்கிய இந்திய வீட்டுக்காக்கை அந்த வேலையை இங்கேயும் தவறாமல் செய்கிறது.

இன்னொரு உண்மை கூகையின் கக்கலில் இருக்கிறது. அது இரையை முழுதாக விழுங்கி, செரிக்காத எலும்பையும் மயிரையும் கட்டைவிரல் அளவு உருண்டையாகக் கக்கிவிடும். பெட்டிக்கடியில் பொறுக்கி, வெந்நீரில் ஊறவைத்து, ஊசியால் பிரியுங்கள். ஒரு உருண்டையில் மூன்று நான்கு மண்டையோடு இருக்கும். முன்பல்லில் நெடுக வரிப்பள்ளம் இருந்தால் அது ஈரப்புல்லில் வாழும் வ்லெய் எலி. கூர்ந்து நீண்ட மண்டை மூஞ்சூறு. கரும்போரத்தில் நான் பிரித்துப் பார்த்தவற்றில் வயல்வெளிக் கொறிவிலங்குகளே மிகுதி, வீட்டு எலி அபூர்வம். கீரை, சோளம், சர்க்கரைவள்ளி நாசமாகிறது என்பவர்களுக்கு இது நேரடி உதவி. மாவு மூட்டைக்கு இல்லை.

வெளியில் என்றால் இதற்கு ஈடு சொல்ல முடியாது. எலி கூடினால் கூகை முட்டையும் கூடும். குஞ்சுள்ள இணை இரவு முழுக்க இரை சுமக்கும். மலேசியாவின் செம்பனைத் தோட்டங்களில் ஐந்து முதல் பத்து ஹெக்டேருக்கு ஒரு பெட்டி என்று வைத்திருக்கிறார்கள். அங்குள்ள தமிழ்க் குடும்பங்களைக் கேட்டால் சொல்வார்கள். இஸ்ரேலில் 1983-இல் தொடங்கிய வேலை எல்லை தாண்டி ஜோர்டான் விவசாயிகள் வரை போனது. ஜொகன்னஸ்பர்க் பக்கம் அலெக்சாண்ட்ராவிலும் சோவெட்டோவிலும் பள்ளிப் பிள்ளைகளை வைத்தே கூகைகளைக் குடியேற்றியிருக்கிறார்கள்.

பெட்டியை நாலு முதல் ஆறு மீட்டர் உயரத்தில், வெயிலும் மழைக்காற்றும் நேராக அடிக்காத பக்கம் மாட்டுங்கள். உள்ளே மரச்சீவல் ஒரு படுகை. ஆண்டுக்கு ஒருமுறை காலி நேரத்தில் சுத்தம்.

கடினமான செலவு அண்டை அயல். கூகை பல நூறு ஹெக்டேர் சுற்றி வேட்டையாடும். அந்த வட்டத்தில் ஒரே ஒரு வீடு விஷம் வைத்தாலும் உங்கள் இணை போய்விடும். பெட்டி மாட்டுவதற்கு முன் தெருவோடு பேசுங்கள். பேசும்போது சகுனமும் வரும். நம்மில் பலர் அதைச் சாவுக்குருவி என்று சொல்லி வளர்ந்தவர்கள். சூலு அண்டை வீட்டாரிடமும் அதே பயம் இருக்கிறது. கேலி செய்யாதீர்கள். கக்கல் உருண்டையைப் பிரித்து அந்த மண்டையோடுகளை வரிசையாக வைத்துக் காட்டினேன். எங்கள் தெருவில் நான் பேசிய பேச்சைவிட அதுதான் வேலை செய்தது.

## பாம்பும் கீரியும்

கீரி வளர்த்தால் என்ன என்று இருவர் கேட்டார்கள். நம் முன்னோர் நேட்டால் கரும்புக்கு வந்துகொண்டிருந்த அதே காலத்தில், 1872-இல் ஜமைக்காவிலும் 1883-இல் ஹவாயிலும் கரும்பு எலிக்காக இந்தியக் கீரியை இறக்கினார்கள். கீரி பகலில் வேட்டையாடும், எலி இரவில் வரும். கீரி தரைப் பறவைகளைத் தின்று தீர்த்தது. இங்கே சொந்தக் கீரிகள் ஏற்கெனவே இருக்கின்றன, அவற்றை விட்டுவிடுவதே போதும். பழுப்பு வீட்டுப் பாம்புக்கு விஷம் இல்லை, எலிதான் அதன் உணவு. இனம் தெரியாவிட்டால் அடிக்காமல் பாம்பு பிடிப்பவரைக் கூப்பிடுங்கள்.

## ஒரு பார்வையில்

| வழி | வேகம் | ஆறு மாதம் கழித்து | வேறு யாருக்குக் கேடு | பொருந்தும் இடம் |
|---|---|---|---|---|
| தீனியை மூடுவது | சில வாரம் | தொடர்ந்து செய்தால் நிற்கும் | யாருக்கும் இல்லை | எல்லா இடமும் |
| விஷம் | சில நாள் | எலி திரும்பும் | குழந்தை, நாய், கூகை | பூட்டிய கிடங்கு, அவசரம் |
| பொறி | ஓரிரவு | தீனி மூடினால் நிற்கும் | கவனமாக வைத்தால் இல்லை | கூரை, சாமான் அறை, கூண்டு |
| பூனை | உறுதியில்லை | எலி ஒளியும் | பல்லி, பறவை | நாயும் உள்ள வீடு |
| கூகைக் கூடு | மாதங்கள் | ஆண்டுகள் நிற்கும் | யாருக்கும் இல்லை | தோட்டம், கரும்போரம் |

## உங்கள் இடம் எது

சாட்ஸ்வர்த், பீனிக்ஸ் மாதிரி சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் கூகைப் பெட்டிக்குக் காசு போடாதீர்கள். சந்துகளை அடைத்து, ஒரே வாரத்தில் இரு பக்கத்து வீட்டாரோடும் சேர்ந்து பொறி வையுங்கள். தனியாக வைத்தால் அடுத்த வீட்டு எலிக்கு இடம் காலி செய்து கொடுப்பதாகத்தான் ஆகும்.

கோழி வைத்திருப்பவர்கள் மாலையில் தீனியை எடுப்பதில் தொடங்குங்கள், கூண்டைச் சுற்றிப் பெட்டிக்குள் பொறி. அரை ஏக்கருக்கு மேல் காய்கறி, பக்கத்தில் புல்லோ கரும்போ இருந்தால் கூகைப் பெட்டி உங்களுக்குத்தான். ஆனால் பெட்டி மாட்டிய நாளிலிருந்து விஷம் கிடையாது. இரண்டையும் சேர்த்து வைப்பதைவிடக் கெட்ட முடிவு இந்தக் கட்டுரையில் வேறு எதுவும் இல்லை.

எங்கள் கோயிலில் எட்டுத் தகர டிரம் வாங்கினோம். பின்கதவின் அடியில் தகடு அடித்தோம். பன்னிரண்டு பொறியை நாலு நாள் வெறும் கருவாட்டோடு வைத்துவிட்டு ஐந்தாம் இரவு ஏற்றினோம். காலையில் ஏழு, அடுத்த இரவு மூன்று, அதற்கடுத்து ஒன்று. கூரை மேலும் நாலு வைத்தோம். பெரியம்மா தினமும் ஆறு மணிக்குக் கோழித் தட்டை எடுக்கச் சொல்லி மாமாவுக்குக் குரல் கொடுக்கிறார். மாமாவின் பெட்டி வேலிப் பக்கக் கம்பத்தில் ஏறிவிட்டது. அதில் இப்போது தேனீ இருக்கிறது. தேன் எடுப்பவர் வந்து மாற்றிக்கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார், பக்கத்திலேயே இரண்டாவது பெட்டிக்குப் பலகை அறுத்து வைத்திருக்கிறோம்.